கை நனைக்காத ஆறு வருடங்கள்

கொல்லிமலைக்கு நான் ஏறியதெல்லாம் அவரால்தான். எனக்கு மலை ஏறுவது பிடிக்காது. அடிவாரத்து ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வகுப்புச் சன்னலைத் திறந்தால் மலை தெரியும். தெரிந்தால் போதாதா, ஏறித்தான் ஆக வேண்டுமா என்பது என் கட்சி. அவர் அதே பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அவருடைய கட்சி வேறு. கோடை விடுமுறை விட்ட மறுநாள் காலை தோளில் ஒரு பையும் கையில் ஒரு குடையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, கெளம்பலாமுங்களா?" என்பார். கேட்பது மரியாதைக்குத்தான். வரமாட்டேன் என்று நான் சொல்லி அவர் கேட்டதாக ஞாபகம் இல்லை.

என்னை எதற்கு இழுத்துக்கொண்டு போனார் என்றால், அவருக்குக் கணக்கு வராது. எந்த அரசனுக்குப் பின் எந்த அரசன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு கல்லின் நீளத்தை இரண்டு முறை அளக்கச் சொன்னால் இரண்டு நீளம் சொல்வார். ஆகவே அளவு நாடாவைப் பிடிப்பது, திசை பார்ப்பது, வீட்டுக்கு வந்து வரைபடம் போடுவது எல்லாம் என் வேலை. கல்லில் உள்ள எழுத்தைப் படிப்பது அவர் வேலை. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, மேலே மையை ஒற்றி எடுப்பார். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் தாளில் வந்துவிடும். மைப்படி என்பார்கள். அதை வெயிலில் காய வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் அது.

வகுப்பில் அவர் பாடப் புத்தகத்தைத் திறந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு வருடம் எங்கள் ஊர்த் தேர், மூலை திரும்பும்போது சக்கரம் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மறுநாள் வகுப்பில் நடந்ததை ஒவ்வொருவனும் எழுதித் தர வேண்டும் என்றார். நாற்பது பையன்கள் நாற்பது விதமாக எழுதினார்கள். மழை பெய்தது என்றான் ஒருவன். வெயில் கொளுத்தியது என்றான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். தேரை இழுத்தே இராதவன்தான் எல்லாரையும்விட நீளமாக எழுதியிருந்தான். "நேத்து நடந்ததுக்கே இந்தக் கதி. ஆயிரம் வருசத்துக்கு முந்தி நடந்ததை எழுதி வெச்சிருக்கறாங்களே, படிக்கறப்ப ரெண்டு கேள்வி கேளுங்க. யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பையன்கள் அந்த இரண்டு கேள்வியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டார். தன் பாட்டன் ஒற்றை ஆளாகப் புலியைக் கொன்றதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மகன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டான். நான் ஆசிரியர் அறையில் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அப்பாவை உட்கார வைத்து, "புலி எந்தப் பக்கத்துக் காட்டுல வந்துதுங்க? பாட்டனாருக்கு அப்ப என்ன வயசிருக்கும்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். சண்டை போட வந்தவர் ஒரு மணி நேரம் கதை சொல்லிவிட்டு உச்சி குளிர்ந்து போனார்.

சக ஆசிரியராக அவர் எப்படி என்று கேட்டால் எனக்கு ஒரு சம்பவம் போதும். ஒரு வருடம் மலைக்காய்ச்சல் வந்து நான் இரண்டு மாதம் படுத்துவிட்டேன். வேறு கணக்கு வாத்தியார் இல்லை. என் வகுப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் என் கட்டில் பக்கத்தில் சிலேட்டோடு வந்து உட்கார்ந்து, மறுநாள் நடத்த வேண்டிய கணக்கை என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டு போவார். அவரைப் போல ஒரு மக்குப் பிள்ளை என் வாழ்நாளில் வாய்த்ததில்லை. வட்டி விகிதம் புரிய நான்கு நாள் ஆயிற்று. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடியே திட்டுவேன். "கோவிச்சுக்காதீங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்பார். இரண்டு மாதமும் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. பையன்கள் பரீட்சையில் என்ன செய்தார்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

இனி மலை விஷயம். ஆறு வருடமாக அவர் ஒரே காரியத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். மலை மேலே அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று ஊர்கள் நாடு நாடாகப் பிரிந்திருக்கும். இந்த இரண்டுக்கும் பழைய காலத்தில் எல்லை எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அரியூர் நாட்டில் ஒரு ஓடைக் கரையில் எழுத்து வெட்டிய கல் ஒன்று நின்றது. இந்த ஓடைதான் எல்லை, இதை மாற்றுகிறவன் பாவத்தில் போவான் என்ற கருத்தில் அதில் வெட்டியிருந்தது. அதே ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் எழுத்தில்லாமல் சூலம் மட்டும் செதுக்கிய கற்கள் இன்னும் மூன்று. நாலையும் சேர்த்து நான் ஒரு கோடு இழுத்தேன். வளைந்து வளைந்து ஓடையோடு அழகாகப் போயிற்று. அந்தக் கோட்டைப் பார்த்து அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

மலையில் எங்களுக்கு வழி காட்டியவர் அந்த ஓடைக்கரை ஊர்க்காரர். சாமையும் கேழ்வரகும் விதைத்து, வீட்டைச் சுற்றிப் பலாவும் மிளகுக்கொடியும் வைத்திருந்த விவசாயி. எங்கள் வயதுதான் இருக்கும். நாங்கள் ஏறி வருவதைத் தூரத்தில் பார்த்ததும் கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "ஆமாங்க சாமி" என்பார். "இந்தக் கல்லு ஆதியில இருந்து இங்கதான் இருக்குதுங்களா?" "ஆமாங்க சாமி." "இந்த ஓடைக்கு அந்தப் பக்கம் அவங்க நாடு, இந்தப் பக்கம் உங்க நாடா?" "ஆமாங்க சாமி." அவர் மட்டுமல்ல, அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான். சரித்திர வாத்தியார் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். ஆறு வருடத்தில் ஒன்பது நோட்டு.

ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் அந்த மனிதர், "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார். நாங்கள் கீழேயிருந்து கொண்டுபோன கட்டுச்சோற்றை ஓடையோரம் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். அதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். "சாட்சி சொல்றவங்க ஊட்டுல சாப்பிடக் கூடாதுங்க. சாப்பிட்டா நமக்கு அவங்க மேல ஒரு சாய்வு வந்துரும். எழுதறது கெட்டுப் போயிரும்" என்பார். எவ்வளவு உயர்ந்த கொள்கை என்று நானும் தலையாட்டினேன். இப்போது யோசித்தால், கொள்கை மட்டும்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. எந்த வீட்டில் சாப்பிடலாம், எந்த வீட்டில் கூடாது என்று நாங்கள் வளர்ந்த வீடுகளில் சொல்லிக் கொடுத்ததும் அதில் இருந்திருக்கும். எனக்கு இருந்தது. அவருக்கு இல்லாமலா இருந்திருக்கும்?

ஆறாவது வருடக் கோடை விடுமுறையில்தான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சரித்திர ஆசிரியர் இடம் காலியாயிற்று. அதன் முதல்வர் இவருடைய சின்னச் சின்னக் குறிப்புகளைப் பத்திரிகையில் படித்தவர். நாட்டு எல்லை பற்றிய கட்டுரையை மாதக் கடைசிக்குள் அனுப்பினால், அதையே தகுதியாகக் காட்டி இடத்தை வாங்கித் தந்துவிடலாம் என்று கடிதம் எழுதியிருந்தார். இவருக்கு வயது நாற்பத்திரண்டு. இதை விட்டால் இன்னொரு கல்லூரி கூப்பிடப் போவதில்லை. கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டியபோது அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. "அங்க நூலகம் இருக்குதுங்க. மாடியில ஒன்னு, கீழ ஒன்னு" என்றார். எங்கள் பள்ளியில் இருந்தது ஒரு பீரோ. அதற்கும் சாவி தொலைந்து போயிருந்தது.

கட்டுரையை நான்தான் என் கையெழுத்தில் நகல் எடுத்தேன். அவர் கையெழுத்தைப் படிப்பதற்குத் தனியாக ஒரு சரித்திர ஆசிரியர் வேண்டும். உறையின் மேல் கல்லூரி விலாசத்தை மட்டும் அவரே எழுதினார். எல்லாம் தயார். கடைசியில் என் வரைபடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். ஓடைக்கல்லுக்கும் இரண்டாவது கல்லுக்கும் இடையில் உள்ள தூரத்தை மறுபடி அளந்துவிடலாம் என்றேன். உறையை என் வீட்டு மேசைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு பேரும் மலை ஏறினோம்.

வழியில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். எதைப் பற்றி என்பது மறந்துவிட்டது. அனேகமாக என் முழங்காலைப் பற்றியதாக இருக்கும். எனக்குக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடப்பேன். பாதி மலையில் சுனையருகே தண்ணீர் குடிக்க நின்றோம். குடித்துவிட்டு நான் விறுவிறுவென்று கிளம்பிவிட்டேன். கட்டுச்சோற்று மூட்டை என் பொறுப்பு. அது சுனையோரத்தில் பாறை மேலேயே இருந்துவிட்டது. கால் மைல் போனதும் ஞாபகம் வந்து திரும்பி ஓடினேன். ஒரு குரங்குக் குடும்பம் புளிச்சோற்றைப் பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரியது ஒன்று ஊறுகாயை நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

அளந்து முடிக்கும்போது உச்சி வெயில். பசியில் எனக்குக் கண் இருட்டியது. வழிகாட்டி வழக்கம்போல, "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். வழக்கம்போல இவர் கும்பிடத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "வாரோமுங்க" என்றேன்.

குனிந்துதான் நுழைய வேண்டும், அப்படி ஒரு வீடு. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்த மனிதரின் மனைவி எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு பரபரவென்று தையல் இலையைப் போட்டுச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினார். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இவர் முதலில் கூச்சப்பட்டார். இரண்டாம் கவளத்துக்குப் பிறகு கூச்சத்தைக் காணவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், விருந்து சாப்பிட்ட மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்தக் கல்லை நீங்க எத்தனை தலைமொறையாப் பத்திரமாக் காப்பாத்திட்டு வர்றீங்க!" என்றார்.

அடுப்படியில் இருந்து அந்த அம்மாளின் சிரிப்பு கேட்டது. "காப்பாத்தறதாவது! நான் வாக்கப்பட்டு வந்தப்ப அதுல துணி தொவைச்சுத்தான் என் கையே தேஞ்சு போச்சுங்க சாமி."

"துணி தொவைக்கற கல்லா?" என்றார் இவர்.

"ஆமாங்க" என்று விவசாயி ஆரம்பித்தார். அவர் குரலே மாறியிருந்தது. காலை நீட்டிக்கொண்டு, வீட்டு மனிதரோடு பேசுகிற மாதிரிப் பேசினார். "அது எங்கூருக் கல்லே இல்லீங்க. வளப்பூர் நாட்டுக் கல்லு. மூணு தலைமொறைக்கு முந்தி அங்கிருந்து ஒரு பொண்ணு எங்க ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு. வந்த ஊருல தொவைக்க நல்ல கல்லு இல்லீன்னு மூக்கைச் சிந்திட்டே இருந்துச்சாமுங்க. அதோட அண்ணன் தம்பிகெல்லாஞ் சேந்து, அவங்கூரு ஓடையில நின்ன கல்லை மூங்கில்ல கட்டித் தூக்கியாந்து, சீரா எறக்கி வெச்சுட்டுப் போனாங்க. எழுத்துப் பக்கம் கீழ, வழவழப்புப் பக்கம் மேல. அப்பறம் ஒரு வெள்ளத்துல அது பொரண்டுக்கிச்சு. கொழந்தைக மேல உழுந்துறப் போவுதுன்னு நாந்தான் நிமித்தி நட்டு வெச்சேன்."

இந்த ஓடைதான் எல்லை என்று கல் சொன்னது சரிதான். ஆனால் அது சொன்ன ஓடை இந்த ஓடை அல்ல. ஆறு வருட வேலை என் கண் முன்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறு வருசமாக் கேட்டனே" என்றார் அவர், மெதுவாக. "ஆதியில இருந்து இங்கதான் இருக்குதான்னு கேட்டனே. ஆமாங்கன்னு சொன்னீங்களே?"

"சொன்னனுங்க." அந்த மனிதரிடம் எந்தக் கூச்சமும் இல்லை. "நீங்க எங்க ஊட்டுல கை நனைக்கலீங்களே சாமி. கை நனைக்காதவங்க வாசல்ல நிக்கறவங்க மாதிரிங்க. வாசல்ல நிக்கறவங்களைப் பாத்து இல்லைன்னு சொன்னா, தொரத்தி உடறாப்பல ஆயிப்போயிருமுங்க. எங்க பக்கம் அப்படிச் செய்ய மாட்டோம். இன்னைக்குக் கை நனைச்சுட்டீங்க. இனிமே தப்புன்னாத் தப்புன்னு சொல்லலாமுங்க."

இவர் பையிலிருந்து முதல் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். "அப்ப இதுல இருக்கறதை எல்லாம் மறுபடி கேக்கட்டுங்களா?" "கேளுங்க சாமி." கேட்டார். முதல் பக்கத்தில் ஒன்பது கேள்வி. ஆறுக்கு "இல்லீங்க" என்று பதில் வந்தது. ஒவ்வொரு இல்லீங்கவுக்கும் பின்னால் ஒரு கதை. வெளியே வெயில் சாய்ந்தது. நான் ஒரு பலாப்பழத்தில் பாதியைத் தின்று தீர்த்திருந்தேன். அவர் இன்னும் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தார்.

மறுநாள் காலையில் ஓடைக்கரையில் வைத்து அவரோடு சண்டை பிடித்தேன். "இதைப் பாருங்க. கல்லூரியில இருந்து ஒருத்தனும் இந்த மலையேறி வந்து இந்த ஊட்டுல சாப்பிடப் போறதில்ல. கட்டுரை இருக்கற மாதிரியே போகட்டும். வேலைக்குப் போயிட்டு அப்பறம் திருத்திக்கலாம்" என்றேன். கணக்கில் ஒரு இலக்கம் தப்பாகப் போட்டால் மாணவனைப் பெஞ்சின் மேல் ஏற்றுகிற ஆசாமி நான். நான்தான் இப்படிச் சொன்னேன். அவர் என்னை மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. "நான் இங்கயே கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன். இன்னும் எத்தனையோ ஊடு பாக்கி இருக்குதுங்க" என்றார். உறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கோபத்தோடு மலை இறங்கினேன்.

அவர் மலையில் இருந்த பத்து நாளும் என்ன நடந்தது என்பதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். பகல் ஒரு வீடு, பொழுது சாய்ந்தால் ஒரு வீடு. கேழ்வரகுக் களியும், சாமைச் சோறும், தேனில் தோய்த்த பலாச்சுளையும். பலவீனமான வயிறு அவருக்கு. இரண்டு நாள் படுத்திருக்கிறார். அவர்களே ஏதோ கஷாயம் கொடுத்து எழுப்பிவிட்டிருக்கிறார்கள். எழுந்ததும் மறுபடி நோட்டும் கையுமாக அடுத்த வீடு. ஒரு கிழவர், தான் நாலு வருடத்துக்கு முன்பு சொன்ன ராஜா கதையைத் தானே இட்டுக் கட்டியதாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாராம். "சாமி ஆசையாக் கேட்டீங்க, இல்லைன்னு சொல்ல மனசு வரலீங்க." சூலக்கற்களில் இன்னொன்றும் பெயர்ந்து வந்ததுதான் என்று தெரிந்தது.

கீழே என் பத்து நாள் வேறு மாதிரி. மேசைப் பெட்டியில் அந்த உறை இருந்தது. விலாசம் அவர் கையெழுத்தில், கட்டுரை என் கையெழுத்தில். தபால் பெட்டி என் வீட்டிலிருந்து நூறு அடி. போட்டுவிடு என்று ஒரு நாள் மனம் சொல்லும். உறையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போவேன். திரும்பி வந்து பூட்டிவிடுவேன். மூன்று தடவை இப்படி. மாதக் கடைசி வந்தது. தபால்காரர் பையைக் கட்டிக்கொண்டு போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் போடவில்லை.

மறுநாள் அவர் வந்தார். கறுத்து, இளைத்து, தாடியோடு. ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. உறையைப் பற்றிக் கேட்கவில்லை. என் மேசையிலேயே உட்கார்ந்து கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினார். எல்லை பற்றிய தன் முடிவு தவறு, தான் கேட்ட விதமே தவறு, கட்டுரையை மறுபடி எழுத ஒரு வருடம் வேண்டும். சுருக்கமாக இவ்வளவுதான். மூன்று வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. கல்லூரியால் ஒரு வருடம் காத்திருக்க முடியாது, இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மணி அடித்தது. "மூணாவது பீரியடு எனக்குங்களா, உங்களுக்குங்களா?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

அவர் ஒரு வருடம் என்றது மூன்று வருடம் ஆயிற்று. புதிய கட்டுரை பழையதைவிட எவ்வளவோ நன்றாக வந்தது. எல்லை எது என்ற கேள்வியையே அவர் விட்டுவிட்டார். எந்தக் கல் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போயிற்று, யார் கல்யாணத்தில் போயிற்று என்று தேடியிருந்தார். இரண்டு நாட்டுக்கும் நடுவில் கோடு கிழிக்கப் போனவர், பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழிகளைக் கண்டுபிடித்துவிட்டார். முன்பு தான் தவறாகக் கேட்டதையும், ஏன் தவறு என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எனக்கு அதில் ஒரே மனக்குறை, என் அழகான கோடு போய்விட்டது. அதற்குப் பிறகு கோடை விடுமுறைகளில் நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகவில்லை. என் உடம்பு பெருத்தது.

யுத்த காலத்தில் காகிதத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. வகுப்புப் பரீட்சைக்குத் தாள் இல்லை. ஒரு பக்கம் வெறுமையாக உள்ள காகிதம் எது கிடைத்தாலும் சேகரித்துக்கொண்டிருந்தோம். பரீட்சை நாள் காலையில் என் வீட்டு மேசைப் பெட்டியைக் குடைந்தபோது அந்த உறை வெளியே வந்தது. அவர் பக்கத்தில் நின்றிருந்தார். விலாசத்தைப் பார்த்தார்.

"இன்னும் வெச்சிருக்கறீங்களா?"

மறைக்க வழியில்லை. சொல்லிவிட்டேன். "அந்தப் பத்து நாள்ல மூணு தடவை இதைப் போடக் கெளம்பினேனுங்க. போடலை. உண்மைக்குப் பயந்து போடலைன்னு நெனைச்சுக்காதீங்க. போட்டா நீங்க போயிருவீங்க. நான் இங்க தனியாக் கெடக்கணும். அதுக்காகத்தான் போடலை. கல்லூரியில இருந்து இல்லைன்னு கடுதாசி வந்த அன்னைக்கு நான் சந்தோசப்பட்டேன். பாயசம் வெக்கச் சொல்லி ஊட்டுல சாப்பிட்டேன்."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்ககிட்ட இருக்குதுன்னு மலை மேல இருந்த பத்து நாளும் எனக்கு நெனப்புத்தானுங்க. நீங்க போட்டிருவீங்கன்னே நெனைச்சுட்டிருந்தேன். போட வேண்டாம்னு ரெண்டு தடவை சீட்டு எழுதினேன். கீழ எறங்கற ஆளுககிட்டக் குடுத்து உடலாம்னு. ரெண்டு தடவையும் நானே கிழிச்சுப் போட்டேன்."

"நான் போட்டிருந்தா?"

"போயிருப்பேனுங்க" என்றார். "நீங்க போட்டதாச் சொல்லிக்கிட்டு, வாயை மூடிட்டுப் போயிருப்பேன்."

சொல்லிவிட்டு உறையைக் கிழித்தார். கட்டுரையை எடுத்து, தாள்களைத் தட்டிச் சீராக அடுக்கி, பின்பக்கம் மேலே வரும்படி என்னிடம் கொடுத்தார். எட்டாம் வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் அன்று அதில்தான் பின்னக் கணக்குப் போட்டார்கள். அத்தனை வருடமும் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை இருந்தது. மரியாதை இருக்கிற இடத்தில் கொஞ்சம் பயமும் இருந்தது. அந்தப் பயம் அன்றைக்குப் போயிற்று. அவரும் என்னைப் போல ஒரு ஆள்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.